கடை சார்ஜர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

சிங்கப்பூரில் காக்கி புக்கிட், ஊபி, சுங்கை காடுட், துவாஸ் என்று வாரத்தில் பாதி நாள் கடைகளின் மின்வாகன சார்ஜர் பழுதைப் பார்க்கவே ஓடிக்கொண்டிருக்கிறேன். மின்சார வேன் வாங்கிய கேட்டரிங்காரர், ஊழியர் கார்களுக்கு இரண்டு சார்ஜர் போட்ட கிடங்கு, வாடிக்கையாளர் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கும் வொர்க்‌ஷாப், இப்படி. போனை எடுத்தால் முதல் வார்த்தை ஒன்றுதான்: "சார்ஜர் கெட்டுப்போச்சு, மாத்தணும்." போய்ப் பார்த்தால் சார்ஜர் பாவம், பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் இருக்கிற, மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் பிரேக்கரோ வயரோ கடையின் லோடோ, இல்லை பின்னால் இருக்கிற கேபிளோ காரோ செய்த வேலைக்கு இது அடி வாங்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதனால் மாடல் வாரியாக எதுவும் எழுதவில்லை. நீங்கள் கண்ணால் பார்ப்பதை வைத்து, காசே ஆகாத காரணத்தில் தொடங்கி பர்சைக் கிழிக்கும் காரணம் வரை வரிசையாகப் போகிறேன்.

## எதையும் தொடும் முன்

உடனே ரீசெட் செய்யாதீர்கள். ஒரு சாப்பாட்டுக்கடை அண்ணன் எனக்குப் போன் செய்து, "தம்பி, பிரேக்கரைத் தூக்கித் தூக்கி விட்டேன், அஞ்சாவது தடவைக்கு அப்புறம் நிக்கவே மாட்டேங்குது" என்றார். முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் அது ஈரம் புகுந்த ஐசோலேட்டர் (சார்ஜர் பக்கத்துச் சுவர் சுவிட்ச்), மாற்றுவது சின்ன வேலை. அஞ்சு தடவை மின்சாரத்தைப் பாய்ச்சியதில் உள்ளே கருகி, வயரின் முனையும் சேர்ந்து போயிருந்தது.

முதலில் போனில் படம் எடுங்கள். எந்த பிரேக்கர் விழுந்திருக்கிறது, அதாவது தானே அணைந்திருக்கிறது, சார்ஜரில் என்ன நிற விளக்கு, திரையில் எண் ஏதாவது வருகிறதா. அப்புறம் நேரம்: காரைச் செருகி எவ்வளவு நேரத்தில் நின்றது? செருகியவுடனா, பத்து நிமிடத்திலா, ஒரு மணி நேரம் கழித்தா? இது ஒன்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மழை பெய்துகொண்டிருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். நம் ஊர் மழைக்கும் இடிக்கும் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. பிரேக்கர்கள் வரிசையாக இருக்கும் டிபி பெட்டியின் கதவைத் திறக்கலாம், கைப்பிடிகளைப் பார்க்கலாம், ஒரு முறை ஏற்றிப் பார்க்கலாம். ஸ்குருடிரைவர் கேட்கும் எந்த மூடியையும் நீங்கள் திறக்க வேண்டாம். அதற்கு மேல் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை, நம் வாயில் எல்இடபிள்யூ. உங்கள் கடையில் "கரண்ட் வேலை தெரிந்த" பையன் ஒருவர் இருப்பார், அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

## அறிகுறி: சார்ஜரில் ஒரு விளக்கும் இல்லை

சார்ஜருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும், அதுதான் ஐசோலேட்டர். துப்புரவு செய்பவரோ பார்சல் இறக்குகிறவரோ இடித்து அது அணைந்திருக்கும். சிரிக்காதீர்கள், துவாஸ் வரை போய் இதை மட்டும் திருகிவிட்டுத் திரும்பி வந்த நாள்கள் எனக்கு உண்டு. வேகமாக ஏற்றும் டிசி சார்ஜராக இருந்தால் சிவப்புக் காளான் மாதிரி அவசர பட்டன் இருக்கும், யாராவது அழுத்தியிருந்தால் அதைத் திருகி வெளியே விட வேண்டும்.

அது சரியாக இருந்தால் டிபி. விழுந்த பிரேக்கர் சில சமயம் முழுக்கக் கீழே வராது, நடுவில் நிற்கும், தூரத்தில் இருந்து பார்த்தால் மேலே இருப்பது போலத் தெரியும். அதை முதலில் முழுக்கக் கீழே அழுத்தி, பிறகு மேலே தூக்க வேண்டும். ஒரே ஒரு முறை. நின்றால் சரி, அடுத்த 24 மணி நேரம் கவனியுங்கள். விழுந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

எல்லாம் மேலே இருக்கிறது, ஐசோலேட்டரும் ஓடுகிறது, ஆனாலும் விளக்கில்லை என்றால், சார்ஜரின் லைன் கட்டடத்தின் பொது டிபியில் இருந்து வருகிறதா என்று கட்டட நிர்வாகத்தைக் கேளுங்கள். கார்ப்பார்க்கில் இருக்கும் சார்ஜர்கள் பலவற்றுக்கு அப்படித்தான். அங்கே பராமரிப்பு வேலைக்காக அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் எல்இடபிள்யூவை அழையுங்கள். இடி விழுந்த மறுநாள் இப்படி ஆகியிருந்தால் அதைச் சொல்லியே அழையுங்கள், உள்ளே பவர் போர்டு போயிருக்க வாய்ப்பு அதிகம், அவர் அதற்கான ஏற்பாட்டோடு வருவார்.

## அறிகுறி: பிரேக்கர் உடனே விழுகிறது

இதில் மூன்று கிளை. எது உங்களுடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

### கார் செருகாமலேயே விழுகிறது

ஐசோலேட்டரை அணைத்துவிட்டு பிரேக்கரை ஒரு முறை தூக்குங்கள். நின்றால் தகராறு ஐசோலேட்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சார்ஜரில். அப்போதும் விழுந்தால் டிபிக்கும் ஐசோலேட்டருக்கும் நடுவே இருக்கும் வயரில், இல்லை ஐசோலேட்டர் பெட்டிக்குள்ளேயே. இந்த ஒரு சோதனையை நீங்களே செய்து சொல்லிவிட்டால் வருகிறவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

திறந்தவெளியில் இருப்பவற்றில் நான் கண்ட குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர். வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் கிளாண்டை ஒழுங்காக இறுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது மேலிருந்து வயரை இறக்கியிருப்பார்கள், மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கும். அதற்கு அடுத்தது எறும்பும் பல்லியும். ஓட்டை இருந்தால் குடியேறத்தான் செய்யும். காயவைத்துவிட்டு அப்படியே மூடுகிறவர்கள் உண்டு, அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அடைப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

### கார் செருகி, சார்ஜ் தொடங்கும் நொடியில் விழுகிறது

வேறொரு காரைச் செருகிப் பாருங்கள். தனிக் கேபிள் என்றால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் விழுகிறதென்றால் அந்த வண்டியின் உள் சார்ஜரில் கசிவு, வண்டியை அதன் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், சார்ஜரை விட்டுவிடுங்கள். எல்லா வண்டிக்கும் விழுந்தால் கேபிளோ சார்ஜரோதான்.

### சில நாள் விழுகிறது, சில நாள் இல்லை

இதுதான் தலைவலி. விழுவது மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி என்றால், அந்த ஆர்சிசிபிக்குக் கீழே சார்ஜர் மட்டும்தான் இருக்கிறதா என்று டிபியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 30-இல்தான் விழும் என்றில்லை, 15-ஐத் தாண்டினாலே விழலாம். சில்லரும் விளக்குகளும் ஆளுக்குக் கொஞ்சம் கசியவிட்டு 10, 12 வரை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும், கார் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்ததும் பொத்தென்று விழும். ஒருவர் மேலும் குற்றமில்லை. சார்ஜருக்குத் தனி ஆர்சிசிபி போட வேண்டும், முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

அப்படியே அந்த ஆர்சிசிபியின் முகத்தில் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தையும் பாருங்கள். ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசி வகை, மின்வாகனத்துக்குப் பொருந்தாது. அலையும் அதன் கீழே இடைவெளி விட்ட துடிப்புகளும் இருந்தால் ஏ வகை. சார்ஜருக்குள் 6 மில்லியாம்பியர் டிசி கசிவைப் பிடிக்கும் கருவி இருந்தால் இது போதும், இல்லையென்றால் பி வகை வேண்டும். காரில் இருந்து வரும் டிசி கசிவு ஏசி வகை ஆர்சிசிபியின் கண்ணைக் கட்டிவிடும், விழ வேண்டிய நேரத்தில் விழாது. அடிக்கடி விழுகிற ஆர்சிசிபியைவிட எனக்கு இதுதான் பயம். ஒற்றை அலையைப் பார்த்தால் அன்றே சார்ஜரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிவிட்டு விழுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். கேட்டால் எல்லாரும் "சார்ஜர் சூடாகிறது" என்பார்கள். சூடாவது உண்மை, ஆனால் சூடாவது பிரேக்கர்.

7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். ஏர்கானோ வாட்டர் ஹீட்டரோ விட்டு விட்டு ஓடும், கார் அப்படியில்லை, அஞ்சு மணி நேரம் மூச்சுவிடாமல் 32-ஐ இழுக்கும். அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கரே போட்டிருந்தால் கணக்குக்குச் சரி, ஆனால் அந்த 32 என்பது 30 டிகிரி வெப்பத்தை வைத்துப் போட்ட எண். மாடிக்கு மாடி வயர் ஏறும், காற்றே போகாத ஒரு ரைசர் அலமாரிக்குள், பக்கத்தில் நாலு பிரேக்கர் சூடாக இருக்க, அங்கே 30 டிகிரியை எதிர்பார்க்க முடியுமா? ஐம்பதாவது நிமிடம் விழும். ஆறவிட்டுத் தூக்கினால் திரும்பவும் ஐம்பது நிமிடம் ஓடும். விழும் நேரம் இப்படி ஒரே சீராக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காசில்லாத சோதனை: சார்ஜரின் ஆப்பிலோ காரின் திரையிலோ ஆம்பியரை 24-க்குக் குறையுங்கள், ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். விழவில்லை என்றால் சூடுதான் காரணம். வேன் காலையில் 6 மணிக்குக் கிளம்பினால் போதும் என்பவர்களுக்கு இதுவே தீர்வு, அப்படியே விட்டுவிடுங்கள், யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஆனால் குறைத்த பிறகும் விழுகிறது, அல்லது முன்பெல்லாம் விழாமல் ஓடியது இப்போது சில வாரமாக விழுகிறது என்றால் அது வேறு கதை: எங்கோ வயர் முனை தளர்ந்திருக்கிறது. தளர்ந்த முனை சூடாகும், சூடானால் இன்னும் தளரும். பெட்டிக் கதவைத் திறந்து, மூடியைக் கழற்றாமல், முகர்ந்து பாருங்கள். மீன் நாற்றமோ கருகிய பிளாஸ்டிக் வாடையோ வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி கையில் இருந்தால் பிரேக்கர்களின் முகத்தில் வரிசையாகக் காட்டுங்கள், ஒன்று மட்டும் பக்கத்தில் இருப்பவற்றைவிடத் தனித்துச் சூடாக இருந்தால் படம் எடுத்து எல்இடபிள்யூவுக்கு அனுப்பிவிட்டு லைனை அணையுங்கள்.

இங்கே ஒரு குறுக்கு வழி எல்லாருக்கும் தோன்றும்: 32-ஐக் கழற்றிவிட்டு 40 போட்டால் என்ன? வயர் அதைத் தாங்கினால் போடலாம், தாங்காவிட்டால் பிரேக்கருக்குப் பதில் வயர் சூடாகும், அது சுவருக்குள்ளும் பைப்புக்குள்ளும் போகிற வயர், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். வயரின் தடிமனைப் பார்த்து, எத்தனை வயர் ஒரே பைப்பில் போகிறது என்று பார்த்து, எல்இடபிள்யூதான் முடிவு செய்ய வேண்டும். ஊபியில் ஒரு பட்டறையில் யாரோ ஒரு புண்ணியவான் 6 சதுர மி.மீ. வயரில் 63 ஆம்பியர் பிரேக்கரைப் போட்டு "சரிசெய்து" விட்டுப் போயிருந்தார். ட்ரிப் நின்றுவிட்டது, முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். நான் போன அன்று அந்த வயரின் உறை விரல் பட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது.

## அறிகுறி: சார்ஜரின் பிரேக்கர் விழவில்லை, கடையின் மெயினே போகிறது

பெரும்பாலும் இது சார்ஜரின் பழுதில்லை, கடைக்கு அனுமதித்த மின்சார அளவு, அதாவது லோடு, போதவில்லை. மின்சாரம் மூன்று தனி வயரில் வரும் மூன்று ஃபேஸ் இணைப்பு, 63 ஆம்பியர் என்றால், மொத்தம் ஏறத்தாழ 44 கேவிஏ, அதுதான் லோடின் அளவுகோல். ஒரு 22 கிலோவாட் சார்ஜர் ஒவ்வொரு ஃபேஸிலும் 32 ஆம்பியர் எடுக்கும், அதாவது பாதி போய்விட்டது. மிச்சப் பாதியில் சில்லர், எக்ஸாஸ்ட், ஏர்கான், இட்லி மாவு அரைக்கிற கிரைண்டர் எல்லாம் ஓட வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை நிறைந்திருக்கும்போது டெலிவரி வேன் வந்து செருகினால் அவ்வளவுதான், மொத்தக் கடையும் இருட்டு.

மொத்த லோடு குறைவாக இருந்தும் மெயின் விழுகிறதா? அப்போது சார்ஜர் ஒற்றை ஃபேஸா என்று பாருங்கள். 7.4 கிலோவாட் சின்னதுதானே என்று தோன்றும், ஆனால் அது தன் 32 ஆம்பியரையும் ஒரே ஃபேஸில் இழுக்கிறது, அந்த ஃபேஸில் ஏற்கெனவே இரண்டு சில்லர் இருந்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்க இது மட்டும் நிறைந்துவிடும். வேறு ஃபேஸுக்கு மாற்றினாலே தீரலாம், எல்இடபிள்யூவுக்கு ஒரு மணி நேர வேலை.

செலவு ஏறும் வரிசையில் வழிகள் இவை. கடை மூடிய பிறகு 11 மணிக்குச் சார்ஜ் தொடங்கும்படி நேரம் வைப்பது, இது இலவசம். சார்ஜரின் ஆம்பியரை நிரந்தரமாகக் குறைப்பது. அடுத்து லோடு பேலன்சிங்: மெயின் வயரைச் சுற்றி மூன்று கிளாம்ப் மாட்டி, கடை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து மிச்சத்தை மட்டும் காருக்குக் கொடுக்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலான கடைகளுக்கு இதோடு போதும்.

கடைசியாக லோடு உயர்த்துவது. இங்கேதான் பலர் கால் வைத்து மாட்டுகிறார்கள். கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், எல்இடபிள்யூ மூலம் மின் இணைப்பு தரும் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும், சுவிட்ச் ரூமில் இருந்து புது வயர் இழுக்க வேண்டியிருக்கும், அது மூன்று மாடி தாண்டி வருவதென்றால் வயரின் விலையே சார்ஜரைத் தாண்டும். இன்னொன்றை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்: வீடல்லாத இடத்தில் அனுமதிக்கப்பட்ட லோடு 45 கேவிஏவைத் தாண்டினால் மின் நிறுவல் உரிமம் எடுக்க வேண்டும், அதற்கென்று எல்இடபிள்யூ ஒருவரை நியமித்து வைத்திருக்க வேண்டும். ஒரு தடவைச் செலவு என்று நினைத்தது வருடா வருடம் வரும். கையெழுத்துப் போடும் முன்பு மின்சாரப் பயன்பாட்டைப் பதிவு செய்யும் லாகரை ஒரு வாரம் மாட்டி உண்மையான லோடு என்ன என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

"22 கிலோவாட் என்று சொல்லி விற்றார்கள், 7தான் வருகிறது." இதற்கு முக்கால்வாசி பதில் காரில் இருக்கிறது. ஏசி சார்ஜர் என்பது கிட்டத்தட்ட ஒரு பாதுகாப்பான பிளக் பாயிண்ட்தான், பேட்டரிக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றுவது காருக்குள் இருக்கும் கருவி. அது எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான். டெஸ்லா மாடல் 3 ஏசியில் 11-க்கு மேல் வாங்காது, 7-ஓடு நின்றுவிடும் வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. வேன்களில் இன்னும் குறைவானவையும் உண்டு. வண்டியின் கையேட்டைப் பாருங்கள், அங்கே 7 என்று இருந்தால் நீங்கள் 22 சார்ஜருக்குக் கொடுத்த காசுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

11 வாங்கும் கார் 7 அல்லது 3.7 மட்டும் வாங்கினால் கேபிளின் பிளக் முகத்தைப் பாருங்கள். டைப் 2 பிளக்கில் ஏழு துளை. இரண்டில் உலோகமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் அது ஒற்றை ஃபேஸ் கேபிள், யாரோ மாற்றி எடுத்து வந்திருக்கிறார்கள். கேபிள் சரியென்றால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம், டிபியில் ஒரு பிரேக்கர் மட்டும் இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

மதியம் மட்டும் மெதுவா? நேர் வெயிலில் இருக்கும் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கூரை போடுங்கள். சாயங்காலம் மட்டும் மெதுவா? லோடு பேலன்சிங் தன் வேலையைச் செய்கிறது. கடை மூடிக் கிடக்கும்போதும் மெதுவாகவே இருந்தால் கிளாம்ப் தலைகீழாகவோ தப்பான வயரிலோ மாட்டப்பட்டிருக்கும், மாட்டியவரையே கூப்பிடுங்கள், உத்தரவாதத்தில் வரும். டிசியில் 80 விழுக்காட்டுக்கு மேல் மெதுவாவது எல்லாக் காருக்கும் இயல்பு, அதற்கு யாரையும் திட்ட வேண்டாம்.

எல்லா வண்டிக்கும் எப்போதும் மெதுவு, சார்ஜர் டிபியில் இருந்து வெகு தூரம் என்றால் வயர் மெலிந்தது. 6 சதுர மி.மீ. வயரில் 32 ஆம்பியர் 50 மீட்டர் போனால் 12 வோல்ட்டுக்கு அருகே வழியிலேயே தொலையும், 230-இல் அது 5 விழுக்காட்டுக்கு மேல். சில கார்கள் வோல்டேஜ் சரிவதைப் பார்த்ததும் இழுப்பைக் குறைத்துவிடும். 10 சதுர மி.மீ. என்றால் 7 வோல்ட்தான் போகும். திருத்த வேண்டுமானால் வயரையே மாற்ற வேண்டும், அதனால் இதைக் கடைசியில் வைத்தேன்.

## அறிகுறி: விளக்கு பச்சை, கார் மட்டும் வாங்க மாட்டேன் என்கிறது

முதலில் காரின் டைமர். வீட்டில் இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி வைத்திருப்பார், இங்கே பகலில் செருகிவிட்டு ஏன் ஏறவில்லை என்பார். காரின் செயலியில் "உடனே சார்ஜ்" என்று மாற்றுங்கள். அடுத்து, கார்டு தட்டினீர்களா?

பிறகு பிளக்கைக் கையால் லேசாக மேலே தூக்கிப் பிடியுங்கள். சார்ஜ் தொடங்கினால் கேபிளின் எடை பிளக்கைக் கீழே இழுக்கிறது, உள்ளே தொடர்பு விட்டுப்போகிறது. கேபிளைத் தாங்கும் கொக்கி ஒன்று மாட்டுங்கள், பிளக்கின் தாழ்ப்பாள் தேய்ந்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். பிளக் ஊசிகளில் பச்சை படிந்திருக்கிறதா? துவாஸ், பாசிர் பாஞ்சாங் மாதிரி கடற்காற்று அடிக்கும் இடங்களில் சகஜம். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரம் இந்த அழைப்பு கூடும். வேன் பத்து நாள் நின்றதில் அதன் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் கார் சார்ஜருக்குப் பதில் சொல்லாது.

சார்ஜர் "எர்த்" என்று எதையாவது காட்டினால் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். எர்த் வயர் விட்டுப்போன சார்ஜரோடு கட்டிய கார் முழுக்க இரும்பு, ஈரத் தரையில் நின்று அதைத் தொடுவது உங்கள் ஊழியர். அணைத்துவிட்டு அழையுங்கள்.

## அறிகுறி: கேபிள் காரில் இருந்து கழறவில்லை

காரை அன்லாக் செய்யுங்கள், சார்ஜை ஆப்பிலோ கார்டிலோ நிறுத்துங்கள், பிளக்கை இழுக்காமல் உள்ளே ஒரு தடவை அழுத்திவிட்டு அன்லாக் பட்டனைத் தட்டுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கையேட்டில் அவசரக் கயிறு எங்கே என்று இருக்கும். சார்ஜர் பக்கம் மாட்டிக்கொண்டால் ஐசோலேட்டரை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். எண்ணெய் அடிக்காதீர்கள், இரண்டு பேர் சேர்ந்து இழுக்காதீர்கள்.

## அறிகுறி: ஆப்பில் "ஆஃப்லைன்", கார்டை ஏற்கவில்லை

பேஸ்மெண்ட் கார்ப்பார்க்கா? போனை எடுத்துச் சார்ஜருக்குப் பக்கத்தில் நின்று சிக்னல் பாருங்கள். போனுக்கே ஒரு கோடு என்றால் சார்ஜருக்கு என்ன கிடைக்கும். ஆன்டெனாவை நீட்டி மேலே கொண்டுவருவதுதான் வழி.

வைஃபை என்றால், யாராவது ரவுட்டரையோ கடவுச்சொல்லையோ மாற்றினார்களா என்று கேளுங்கள். கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். அலுவலக ஐடி ஆள் ஃபயர்வாலை இறுக்கியிருந்தாலும் இதேதான் நடக்கும், சார்ஜர் தன் நிர்வாக சர்வரோடு பேசுகிற ஓசிபிபி இணைப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

பழைய சார்ஜர், 2024 வாக்கில் இருந்து ஆஃப்லைன் என்றால் மோடம் 3ஜியாக இருக்கும். சிங்கப்பூரில் 3ஜி சேவை அந்த ஆண்டோடு முடிந்தது. ரீசெட் செய்து பயனில்லை, 4ஜி மோடம் மாற்ற வேண்டும். அதுவரை உங்கள் சொந்த வண்டிகள் நிற்க வேண்டாம்: பல சார்ஜர்களில் கார்டுகளை உள்ளேயே சேமித்து வைக்கலாம், விற்றவரைக் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பிளக் கையில் சுடுகிறது, வாடை, நிறம் மாறியிருக்கிறது

வெதுவெதுப்பு சரி. கை வைத்திருக்க முடியாத சூடு, பழுப்பேறிய ஊசி, உருகிய ஓரம், வாடை, இதில் எது ஒன்று இருந்தாலும் இங்கே பரிசோதனைக்கு இடமே இல்லை. பிளக்கைத் தொடாமல் டிபியில் அணையுங்கள், "பயன்படுத்தாதீர்" என்று எழுதி ஒட்டுங்கள். அந்தக் கேபிளை இன்னொரு காரில் செருகிப் பார்க்க வேண்டாம், தீய்ந்த ஊசி அந்தக் காரின் சாக்கெட்டையும் தீய்க்கும். லாரி பின்னால் வந்து சார்ஜரை இடித்திருந்தாலும், தண்ணீர் தேங்கிச் சார்ஜர் நனைந்திருந்தாலும் இதே சட்டம், பார்க்க ஓடுகிற மாதிரி இருந்தாலும்கூட. புகை வந்தால் ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புக்கு 995.

மூன்று முள் சுவர் பிளக்கில் இரவெல்லாம் கார் ஏற்றுகிறவர்களுக்கும் இந்தப் பத்திதான். அந்தப் பிளக் பாயிண்ட் கெட்டில் வைக்கப் போட்டது.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் கட்டட நிர்வாகம் பூட்டு போட்டுவிட்டது

இதுவும் ஒரு பிழைதான், எனக்கு இந்த அழைப்பும் வருகிறது. 2023 டிசம்பர் 8-ஆம் தேதி மின்வாகன மின்னூட்டச் சட்டம் நடப்புக்கு வந்ததில் இருந்து சார்ஜர் அங்கீகரிக்கப்பட்ட மாடலாக இருக்க வேண்டும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒட்டுவில்லை அதில் இருக்க வேண்டும், பயன்படுத்தும் முன்பு ஆணையத்திடம் பதிந்திருக்க வேண்டும். சார்ஜரின் உடம்பில் ஒட்டுவில்லையைத் தேடுங்கள். இருந்தால், பதிவு ஆகியிருக்கிறதா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள், சில சமயம் "பிறகு செய்கிறோம்" என்று விட்டிருப்பார்கள், அது காகித வேலையோடு முடியும். ஒட்டுவில்லையே இல்லை, இணையத்தில் மலிவாக வாங்கி வரவழைத்தது என்றால், வருத்தமாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். எவ்வளவு நன்றாக ஓடினாலும் பதிய முடியாது. அடுத்து, உங்கள் வேன்களுக்கு மட்டும் போட்ட சார்ஜரை வெளியாருக்குக் காசுக்குத் திறந்துவிட்டீர்களா? சார்ஜ் சேவை நடத்துவதற்குத் தனி உரிமம் உண்டு.

## ஆளைக் கூப்பிடும்போது

டிபி, வயர், பிரேக்கர், ஐசோலேட்டர் என்றால் எல்இடபிள்யூ. சார்ஜரின் போர்டு, திரை, மோடம் என்றால் விற்றவர். ஒரே வண்டிக்கு மட்டும் தகராறு என்றால் கார் கம்பெனி. மாற்றிக் கூப்பிட்டால் வந்தவர் பார்த்துவிட்டு "எங்களுடையதில்லை" என்று போய்விடுவார், வந்ததற்குக் காசும் வாங்கிக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியவை: டிபியின் முழுப் படம் ஒன்று, விழுந்த பிரேக்கரின் எண் தெரியும்படி ஒன்று, சார்ஜர் பக்கவாட்டில் இருக்கும் தகட்டின் படம், விளக்கு மின்னுவது பத்து விநாடி வீடியோ. கீழே ஒரு வரி: எந்த வண்டி, செருகி எத்தனை நிமிடத்தில், மழையா வெயிலா. கார்ப்பார்க்கின் உயரக் கட்டுப்பாட்டையும் சேர்த்து எழுதுங்கள், என் வேன் மேல் ஏணி இருக்கிறது.